அம்சவல்லிக்குக் காயம் ஒதுக்கிய வரலாறு

குடியிருக்க ஒரு குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் எப்படி அவசியமோ, அப்படியே எழுதுகிற ஆளுக்கு ஓர் அடையாளம் அவசியம் என்று, நெய்வேலியில் இயங்கிவந்த செந்தழல் படைப்பாளர் பேரவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு முன்னால் பேரவையில் இருந்தவர்கள், பாவம், அடையாளம் இல்லாமலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இந்த வாரம் கவிதை எழுதுவார், அடுத்த வாரம் அவரே நாடகம் எழுதுவார். மனசு நன்றாக இருந்தால் சிரிக்கச் சிரிக்க எழுதுவார், மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனால் அழ அழ எழுதுவார். ஓர் ஒழுங்கு கிடையாது. உங்கள் ஊரில் யார் யார் என்னென்ன எழுத்தாளர் என்று வெளியூர்க்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் செயலாளர் சின்னதுரை தலைகுனிந்து நிற்கவேண்டியிருந்தது.

சின்னதுரை சாமானியப்பட்ட ஆள் இல்லை. சர்வீஸ் முழுக்கச் சுரங்கக் கம்பெனியில் வீடு ஒதுக்குகிற பிரிவிலேயே உட்கார்ந்து ரிடையர் ஆனவர். எந்த பிளாக்கில் எந்த டைப் வீடு காலி, அடுத்து யார் பேர் நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனுஷர்களை ஓர் இடத்தில் குடிவைத்துவிட்டால் அப்புறம் அவர்களால் தொந்தரவு இல்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. எழுத்தாளர்களும் மனுஷர்கள்தானே என்று அவர் நினைத்தார். அந்த நினைப்புக்கு உரம் போடுவதற்காகவே சென்னையிலிருந்து இளம்பரிதி வந்து சேர்ந்தார்.

இளம்பரிதி 'படைப்பு அடையாள ஆலோசகர்'. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். அங்கே அவர் பேர் விஜயராஜ். கறுப்புச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, எந்தக் கேள்வி கேட்டாலும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கழித்துப் பதில். அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டவருக்கே தன் கேள்வி அற்பமாகத் தோன்றிவிடும். "எழுதுவது கடைசிக் காரியம்," என்று அவர் பேரவையில் பேசினார். "முதலில் நான் யார் என்று தெரியவேண்டும். அது எதிலிருந்து வரும்? காயத்திலிருந்து வரும். காயம் இல்லாதவன் எழுதினால் அது எழுத்தல்ல, கையெழுத்து."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பின்வரிசையில் யாரோ கேட்டதற்கு, தன் அடையாளம் இன்னும் முழுமையடையவில்லை, அதனால் எதையும் எழுதிக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அம்சவல்லி ஒரு கதை எழுதினாள்.

அம்சவல்லிக்குப் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டுக்காரர் சாமிக்கண்ணு முத்தாண்டிக்குப்பத்துக்காரர், மைன்ஸில் கன்வேயர் ஆப்பரேட்டர். மகள் சத்யாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் பெங்களூரில். வீட்டில் இருவர்தான். காலையில் விளக்கேற்றி முருகனுக்கு நாலு வரி பாடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் அவளுக்குப் பொழுது நன்றாகப் போய்விடும்.

கதை இதுதான். கிருத்திகையன்று அவள் வீட்டுக்காரருக்கு வத்தக்குழம்பு ஊற்றித் தூக்குப்பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். ஷிப்ட் பஸ்ஸில் தூக்கு மாறிப்போயிற்று. இவர் திறந்து பார்த்தால் கருவாட்டுக் குழம்பு. கிருத்திகை என்பது நினைவில் இல்லை, அம்சவல்லி வைத்தது என்றே நினைத்து வழித்துச் சாப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கிக் கொழம்பு அமர்க்களம்" என்று வேறு சொல்லிவிட்டார். பிறகு விஷயம் தெரிந்ததும் விரதம் இருப்பவள் மனசு நோகுமே என்று பயந்து, மாறிய தூக்குக்குச் சொந்தக்காரனிடம் ஒன்றும் சொல்லிவிடாதே என்று கெஞ்சி, அவனோ வத்தக்குழம்பைச் சாப்பிட்டதற்காகத் தன் பொண்டாட்டியிடம் திட்டு வாங்கி, கடைசியில் இரண்டு பொம்பளைகளும் கோயில் வாசலில் பார்த்துக்கொண்டு குழம்பு வைக்கிற பக்குவத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். அம்சவல்லி முருகனிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு கருவாட்டுக்குப் புளி எவ்வளவு என்றும் கேட்டுக்கொண்டு வந்ததாகக் கதை முடியும்.

திருவிளக்குப் பூசை முடிந்து பிரசாதம் சாப்பிடும்போது அவள் இதைப் படித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிச் சுண்டலைக் கீழே கொட்டினாள். "யக்கா, இத எங்கனா அனுப்பு. சும்மா வச்சிக்கினு இருக்காத" என்றாள். சாமிக்கண்ணுவோ கதை அச்சில் வந்துவிட்டதாகவே நினைத்து ஷிப்ட் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பேரவை போடுகிற ஆண்டு மலர் வந்ததும் வாங்கிப் போய் ஆளுக்கு ஒன்று கொடுப்பது அவருக்கு ஆசை. கதையில் தானும் வருகிறோம் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

வாசகசாலைக்குப் பின்னால் இருந்த பேரவை அறைக்கு அம்சவல்லி போனபோது சின்னதுரையும் இளம்பரிதியும் இருந்தார்கள்.

"வாங்கம்மா. எந்த பிளாக்?" என்றார் சின்னதுரை.

சொன்னாள்.

"வீட்டுக்காரர் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"பர்மனென்ட்டுங்க."

"உக்காருங்க."

அவள் உட்கார்ந்து, பையிலிருந்து கதையை எடுத்து நீட்டினாள். சின்னதுரை சூடான சட்டியைக் கண்டதுபோலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அத உள்ள வைங்கம்மா. கதைய இப்ப வாங்கக்கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு."

இளம்பரிதி கண்ணை மூடித் திறந்தார். "உங்க எழுத்து எந்தக் காயத்திலேருந்து வருது?"

அம்சவல்லி கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "போன வாரம் அருவாமனையில கீறிக்கிச்சுங்க. ஆறிப்போச்சு."

"உள்காயம் கேட்கிறேன்."

"உள்ளன்னா, சுகர் கொஞ்சம் இருக்குதுங்க. மாத்திரை போட்டுக்கினு வர்றேன்."

"பிறகு எதற்காக எழுதினீங்க?"

"சிரிப்பு வந்துச்சுங்க. எழுதுனேன்."

இளம்பரிதி சின்னதுரையைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர், நோயாளிக்குத் தெரியாமல் நர்ஸைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

சின்னதுரைக்கு இரக்கம் வந்துவிட்டது. சர்வீஸில் இருந்தபோதும் அவர் அப்படித்தான், பொம்பளைகள் வந்து நின்றால் ஏதாவது ஏற்பாடு செய்து கொடுத்துவிடுவார். "கவலைப்படாதீங்கம்மா. என்ன காலி இருக்குன்னு பாப்போம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த காயம் முழுக்க ஃபுல். தென்காசியிலேருந்து வந்து செட்டில் ஆனவங்கெல்லாம்கூட அதுல இடம் பிடிச்சிட்டாங்க. கரித்தூசிக் காயத்துக்கு வெயிட்டிங். காதல் தோல்வி வாலிபப் பசங்களுக்குன்னு வச்சிருக்கோம், ஒருத்தர் மட்டும் பேரன் எடுத்தும் காலி பண்ணாம இருக்காரு. மாமியார் கொடுமை... உங்க மாமியார் இருக்காங்களா?"

"தவறிட்டாங்க. தங்கமானவங்க."

"அப்ப அது சரிப்படாது." அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஆங், கணவர் கொடுமை காலியா இருக்கு. இசக்கியம்மாள்னு ஒருத்தங்க வச்சிருந்தாங்க. வீட்டுக்காரர் ரிடையர் ஆகி ஊரோட போயிட்டாங்க. நல்ல காயம். கிழக்குப் பார்த்த மாதிரி. உங்க அதிர்ஷ்டம்."

"எங்க வூட்டுக்காரரு அப்பிடிப்பட்டவரு இல்லீங்களே."

"அப்படி இருக்கணும்னு யாரும்மா சொன்னா? இசக்கியம்மா வீட்டுக்காரர் மட்டும் என்ன, பூச்சியக்கூட மிதிக்கமாட்டார். இது ஒதுக்கீடு. நீங்க வேணாம்னா அடுத்து நிக்கிறவங்களுக்குப் போயிரும்."

அம்சவல்லி தயங்கினாள். "வேற சின்னதா ஒண்ணும் இல்லீங்களா?"

"தற்காலிகமா எடுத்துக்குங்க. மலர் வந்தப்புறம் காலி பண்ணிக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது சாமிக்கண்ணு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து, செய்தி கேட்டுக்கொண்டே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க எனக்குக் கொடுமை எதனா பண்ணியிருக்கீங்களா?"

அவர் வெங்காயத்தை வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்காமல் பதில் சொல்கிற பழக்கம் இல்லை. "சத்யா கல்யாணத்துக்கு அரக்குக் கலர் பொடவ கேட்ட. கடையில இல்லன்னு சொன்னேன். இருந்துது. வெலயக் கேட்டுட்டுப் பயந்துட்டேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும். அதெல்லாம் பத்தாதாம்." நடந்ததைச் சொன்னாள். "வேணாம்னு சொல்லிட்டு வந்துடட்டுங்களா?"

"சே, அத ஏன் வுடற? நான் கொடுமைக்காரன்னு ஒரு வரி எங்கியோ இருந்துட்டுப் போவுது. கதையப் படிச்சா தெரிஞ்சிடப்போவுது நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு. பஸ்ல தெனம் கேட்டுக்கினே இருக்கான்வோ, கருவாட்டுக் கொழம்பு எப்ப வருதுன்னு." மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "கொடுமைக்காரன்னா நான் எதனா செய்யணுமா?"

செய்யவேண்டியிருந்தது. ஒதுக்கீட்டை உறுதிப்படுத்தக் கள ஆய்வு உண்டு. மறு வாரம் சின்னதுரையும் இளம்பரிதியும் வீட்டுக்கு வந்தார்கள். சாமிக்கண்ணு அதற்காகக் காலையிலிருந்தே முகத்தைக் கடுப்பாக வைத்துப் பழகியிருந்தார். இவர்கள் உள்ளே நுழைந்ததும், சொல்லி வைத்தபடி, "எங்கடி காபி?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு, "சாருங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா? நான்தான் கலக்கறேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சின்னதுரை முகம் வாடிப்போயிற்று. ஒதுக்கீடு ரத்தாகிவிடுமோ என்று அம்சவல்லி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். இளம்பரிதி மட்டும் கண்ணை மூடினார்.

"பார்த்தீங்களா?" என்றார் திறந்து.

"என்ன பார்த்தோம்?" என்றார் சின்னதுரை.

"சமையலறையையும் அவரே எடுத்துக்கிட்டார். இந்தம்மாவுக்குன்னு வீட்டில் இருந்தது அந்த ஓர் இடம். அதையும் விடலை. அடிக்கிறவனாவது ஒரு தடம் விட்டுவைப்பான். இவர் தடமே இல்லாமல் செய்கிறார்."

"அவரு காபிதாங்க போடறாரு," என்றாள் அம்சவல்லி.

"எவ்வளவு வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்துங்க."

"அவ்வளவு வருஷமா," என்று இளம்பரிதி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சின்னதுரை உச்சுக்கொட்டினார். சாமிக்கண்ணு தட்டில் காபியோடு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் துக்கத்தோடு சாப்பிட்டார்கள். கள ஆய்வு திருப்தி என்று முடிவாயிற்று.

அடுத்தது போட்டோ. மைன்ஸ் மண்மேடு தெரிகிற ரோட்டோரம் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தாள்.

"பூவை எடுத்துடுங்க," என்றார் இளம்பரிதி.

"வெள்ளிக்கெழமைங்க. அத மட்டும் சொல்லாதீங்க."

அவர் யோசித்து, அது தெரியாதபடி நிற்கச் சொன்னார். "வெளியே தெரியாத பூ. அதுவும் ஒரு மௌனம். சிரிக்காதீங்க. சன்னல் வழியாப் பார்க்கிற மாதிரிப் பாருங்க."

"இங்க சன்னலு எங்கங்க இருக்குது?"

"இல்லாத சன்னல்."

அம்சவல்லி இல்லாத சன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் கண் கூசியது. சுருங்கிய அந்த முகத்தைக் கேமராக்காரர் பிடித்துக்கொண்டார். பேரையும் 'வல்லி' என்று குறைத்தார்கள். அம்சம் என்பது சுகமாக வாழ்ந்த குடும்பத்துப் பேர் மாதிரி இருக்கிறதாம். எல்லாம் முடிந்த பிறகு கதையின் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

மலர் வெளியீட்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் தலைமை. அன்று மதியம்தான் மலர் அவர் கைக்குப் போனது என்றாலும், வல்லியின் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்து முந்தின இரவெல்லாம் தூங்கவில்லை என்று பேசினார். அவருக்கு அடுத்துப் பேசியவர் தான் இரண்டு முறை படித்ததாகவும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வலி தெரிந்ததாகவும் சொன்னார். கதையில் அந்தக் கணவன் வருகிற இடங்களில் எல்லாம் தாளைக் கிழித்துப்போடலாமா என்றிருந்தது என்றார் இன்னொருவர். தலைவர் எழுந்து, "அந்தக் கணவர் இந்த அரங்கில் இருக்கிறாரா? இருந்தால் எழுந்து நிற்கட்டும்" என்றார்.

தனக்கும் சால்வை போடப்போகிறார்கள் என்று நினைத்து சாமிக்கண்ணு சலவைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, நாலு பக்கமும் கும்பிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

முன்வரிசைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாளிலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கொடுக்கலாம் என்று எடுத்துப்போன மலர்களை யாரும் வாங்கவில்லை. "எங்க வூட்ல பொம்பளைங்க இருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டார்கள். கூடவே வேலை பார்க்கிற பழனிவேல், அவரும் அன்று தூக்கு மாறிய பஸ்ஸில் இருந்தவர்தான், தோளில் கை போட்டு, "அண்ணே, கோவம் வந்தா ஒரு சொம்பு தண்ணி குடிங்க. பொம்பள மேல காட்டாதீங்க" என்று புத்தி சொன்னார். சாமிக்கண்ணு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்சவல்லிக்கோ ஏகப்பட்ட மரியாதை. கலியம்மாள் மாலையில் வாழைப்பூ வடையோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் பொழுதோட எழுந்து துணி காயப்போடறாரே, நல்ல மனுஷன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொன்னியா யக்கா நீ?"

"அவரு நல்லவருதான்டி."

"பாரு. இன்னமும் பயந்துக்கினு அப்பிடியே சொல்ற."

"பயமில்லடி, நெசமாத்தான் சொல்றேன்."

"அவ்வளவு தூரம் அடக்கி வச்சிருக்காரு," என்று கலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடையை அவளுக்கு மட்டும் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சொன்னால் யாருக்காவது பிடிக்குமா, பிடிக்காதா என்று தெரியவில்லை, இந்த மரியாதையில் அம்சவல்லிக்குக் கொஞ்சம் இனிப்பும் இருந்தது. ரேஷன் கடையில் வழிவிட்டார்கள். வாசகசாலையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அதனால் வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடங்கவில்லை.

வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறுகிற வேலை சாமிக்கண்ணுவுடையது. யாரும் கொடுத்ததல்ல, அவராகவே எடுத்துக்கொண்டது. இலை போட்ட வரிசையில் பெரியவர்களுக்குக் குனிந்து, "இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டுப் போடுவார். அடுத்த கிருத்திகையன்று அவர் சாம்பார் வாளியை எடுத்தபோது கோயில் ஆள் ஒருவர் மெல்ல வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்க. தாய்மாருங்க சங்கடப்படறாங்க," என்றார்.

சாமிக்கண்ணு வெறுங்கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் போய்ச் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்சவல்லி அதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். சாமி கும்பிடக்கூட மனசு ஓடவில்லை. "முருகா, இது என்னா வேல பண்ணிட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மலரை எடுத்துக்கொண்டு நேரே பேரவைக்குப் போனாள்.

"கொடுத்தத திருப்பி எடுத்துக்குங்க," என்றாள்.

"எத?"

"காயத்த. தற்காலிகம்னு சொன்னீங்களே."

"தற்காலிகம்தான். ஆனா ஒண்ண காலி பண்ணணும்னா இன்னொண்ணுல குடியேறியிருக்கணும். காயமில்லாம ஒரு உறுப்பினர வச்சிக்க விதியில இடமில்ல," என்றார் சின்னதுரை. "இப்ப என்ன குறை உங்களுக்கு? ஊரே உங்க கதையத்தானே பேசுது."

"அந்தக் கதையப் படிச்சிட்டு அவர எப்பிடிங்க திட்டறாங்க? கிருத்திகையில கருவாடு தின்னுட்டு, எனக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுமேன்னு நடுங்குன ஆளு அவரு. கொடுமைக்காரன் நடுங்குவானுங்களா? இதோ பாருங்க, இந்த எடத்த மட்டும் நீங்க படிங்க." மலரைப் பிரித்தாள்.

முதலில் அவள் போட்டோ, பக்கம் முழுக்க. அடுத்து 'வல்லி: தடமற்ற வன்முறையின் சாட்சியம்' என்று இளம்பரிதி எழுதிய மதிப்பீடு. அது ஓடிக்கொண்டே இருந்தது. அது முடிந்த இடத்தில் கரித்தூசிக் கவிஞர் ஒருவரின் போட்டோ ஆரம்பித்தது. அம்சவல்லி முன்னும் பின்னும் புரட்டினாள். தூக்கையும் காணோம், கருவாட்டையும் காணோம்.

"என் கத எங்கங்க?"

சின்னதுரை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "கடைசி நேரத்துல வாழ்த்துரைங்க வந்துகிட்டே இருந்துச்சும்மா. வாழ்த்துரைய வேணாம்னு சொல்ல முடியுமா? பிரஸ்காரன் எதையோ எடுத்திருக்கான்."

"ஒரே மூச்சில படிச்சேன்னாரே, அந்தப் பெரியவரு?"

"அவரு பொதுவாச் சொன்னாரு."

"ரெண்டு தடவ படிச்சேன்னு ஒருத்தரு சொன்னாரே."

"அவரு விருப்பத்தச் சொன்னாரு." சின்னதுரை புத்தகத்தை மூடினார். "இத்தன நாளா இது இல்லேன்னு நீங்களே இப்பத்தானே பார்க்கறீங்க. நீங்க திறக்கலியா?"

மலர் கைக்கு வந்த அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தவள் அம்சவல்லி. தினமும் கற்பூரம் காட்டினாள். திறக்கத் தோன்றவில்லை. சாமிக்கண்ணு வாங்கிய பிரதிகளோ கட்டுப் பிரிக்காமலே கிடந்தன.

பேரவை அவசரமாகக் கூடியது. மலரில் கதை இல்லாதது குறித்து உறுப்பினர் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை என்பதும், மாறாக மலர் இதுவரை வந்தவற்றிலேயே சிறந்தது என்று பலரும் பாராட்டியிருப்பதும் பதிவு செய்யப்பட்டன. ஆகவே அடுத்த ஆண்டு முதல் யாருடைய படைப்பும் இல்லாமல் அடையாளங்களை மட்டும் வெளியிடுவது என்று முடிவாயிற்று. உறுப்பினர் சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதியது. அம்சவல்லியின் வருத்தத்தைப் பெரிய மனசோடு கருத்தில் கொண்டு, மாதக் கூட்டத்தில் அவள் கதையை அவளே வாசிக்க ஒரு முறை அனுமதி வழங்கப்பட்டது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்றும் எழுதினார்கள்.

அம்சவல்லிக்கு அது போதும். கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தால் புரிந்துகொள்வார்கள், அடுத்த கிருத்திகைக்குக் கரண்டி அவர் கைக்குத் திரும்பிவிடும். வரமாட்டேன் என்ற சாமிக்கண்ணுவை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். கூடம் நிறைந்திருந்தது. பஸ் ஆட்கள், கோயில் ஆட்கள், கலியம்மாளோடு விளக்குப் பூசைப் பெண்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் கைக்குட்டை இருந்தது.

அவள் படிக்கத் தொடங்கினாள். தூக்கு மாறிய இடம் வந்தது. பூசையன்று முதல் சிரிப்பு கிளம்பிய இடம் அது. நிறுத்திப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. இளம்பரிதி கண்ணை மூடியிருந்தார்.

"இன்னிக்கிக் கொழம்பு அமர்க்களம்" என்று வீட்டுக்காரர் சொல்கிற இடத்தில் கலியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "அவ கொழம்ப ஒரு நாளும் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல பாரு. அடுத்தவ கொழம்புதான் இனிக்குது," என்று பக்கத்தில் இருந்தவள் சொல்வது காதில் விழுந்தது. வீட்டுக்காரர் பயந்து நடுங்குகிற இடத்தில், "குத்தமுள்ள நெஞ்சு," என்றார் பழனிவேல். கருவாட்டுக்குப் புளி எவ்வளவு என்று கேட்கிற இடத்தை அம்சவல்லி இரண்டு தடவை படித்தாள், ஒரு தடவை கொஞ்சம் சத்தமாக. "அப்பக்கூட அந்தாளு வாய்க்கு ருசியா ஆக்கிப்போடத்தான் நெனக்கிறா," என்று ஒரு குரல் தழுதழுத்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

சாமிக்கண்ணு மட்டும் சிரித்தார். இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அவருக்கு அந்தப் புளி இடத்தில் சிரிப்பு பீறிட்டுவிடும். அடக்கிப் பார்த்தார், தோள் குலுங்கிற்று, தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அத்தனை பேர் அழுகைக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தார்.

கூடம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. "பாத்தீங்களா," என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அம்சவல்லியும் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் அழுகிறார்கள், இவர் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பொம்பளை மேடையில் நின்று தன் கதையைச் சொல்கிறாள், இந்த மனுஷனுக்கு எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றியதும் படித்துக்கொண்டிருந்த வரி தவறிப்போயிற்று. மேற்கொண்டு படிக்க முடியாமல் நின்றாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அம்சவல்லி முழுமையான படைப்பாளி ஆனது அன்றைய தினம்தான் என்று பேரவையின் ஆண்டறிக்கை குறிப்பிடுகிறது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் அவரோடு பேசவில்லை. "ஏன் அம்சா, என்னா ஆச்சு?" என்று அவர் கேட்டுப் பார்த்தார். காரணம் அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தது.